மூன்றாம் நாள் யார் வருவார்?

மும்பையில் தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சயான் மருத்துவமனை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது அங்கேதான். அந்த அக்கறை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டுச் சந்துகளுக்குள் போய்ச் சேர்கிறதா?

போய்ச் சேர வழி வகுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் ஆஷா எனப்படும் சமூக சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டும். மூன்றாம் நாளைக் குறித்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். மார்பு கல்லாய் இறுகுவதும், காம்பில் வெடிப்பு விழுவதும், ‘பால் பத்தலை’ என்ற பேச்சு வீட்டில் கிளம்புவதும் அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் ஆறு வருகைக்கும் சேர்த்து 250 ரூபாய்தான் ஊக்கத்தொகை. படிவம் நிரம்பினால் பணம் உண்டு. தாய் பால் கொடுப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தாரா என்பது கணக்கில் வராது. தேவையோ அதுதான். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு உயிர் போகிற வலி, குழந்தைக்கோ அரை வயிறு. வாய் அகலத் திறக்கும்வரை பொறுத்திருந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் கீழ்ப்பாதியும் வாய்க்குள் போகும்படி, முகவாய் மார்பில் அழுந்த அணைக்க வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து காட்டித்தர வேண்டும்.

தாய்ப்பாலை ஊக்குவிக்க 2016-இல் வந்த ‘மா’ திட்டம் தாய்மார் கூட்டங்களையும் சேர்த்தது. கூட்டம் நடத்த ஆஷாவுக்குக் காலாண்டுக்கு 100 ரூபாய். கூட்டத்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையிலேயே சான்று இருந்தது. 48 குடிசைப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் பெண்கள் குழுக்கள் அமைத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. பிறந்ததும் பால் கொடுப்பதிலும் சரி, தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதிலும் சரி, குழு இருந்த பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குழுக்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கவ்வத் தெரியாத குழந்தைக்குக் கூட்டத்தில் விடை கிடைக்காது.

தாய்ப்பாலுக்கு முன்பே குழந்தையின் நாக்கில் சேனை தொட்டுவைக்கும் பாட்டிகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன; ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகளோ 41.8 சதவீதம்தான். முதல் தாமதம் பிரசவ வார்டிலேயே நடந்துவிடுகிறது.

இன்னொரு குறை பெரிது. 2017-இல் 26 வாரமாக உயர்ந்த பேறுகால விடுப்பு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்குக் கிடையாது. கையால் பாலைப் பீய்ச்சி வைக்கக்கூடக் கற்றுத்தராமல், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடு என்று அவளிடம் சொல்வது குற்ற உணர்வை ஏற்றிவிடுவதில்தான் முடியும்.

மாநகராட்சி மூன்று காரியங்கள் செய்யலாம். 3, 7-ஆம் நாள் வருகைகளுக்குத் தனித்தொகை கொடுங்கள். ஒருமுறையாவது முழுதாகப் பால் கொடுப்பதைப் பார்த்த பிறகே படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்த் தாய்மார் இருக்கும் சந்துகளுக்குத் தமிழ் பேசும் பணியாளரை அனுப்புங்கள்.