சுக்ரூத்தும் கண்ணாடிக் குவிமாடமும்

பாரிசுக்குப் போகிறவர்களிடம் ஆளாளுக்கு ஒரு நட்சத்திர உணவகத்தின் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு வேளையாவது பீர்க் கடையாகத் தொடங்கி உணவகமாக வளர்ந்த பழைய பிராஸ்ஸரி ஒன்றில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு வாருங்கள் என்பேன். புதிதாக எதையும் கண்டுபிடித்துக் காட்டும் ஆசை அந்தச் சமையலறைக்குக் கிடையாது. தலைமுறைகளாகத் தெரிந்த பண்டங்களை, அறை நிரம்பி வழியும் நேரத்திலும், கடைசி மேசைவரை ஒரே பக்குவத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் அங்குள்ள வித்தை.

பஸ்தீய் சதுக்கத்தை ஒட்டிய சிறு தெருவில் இருக்கிறது பொஃபிங்கர். அல்சாஸ் பகுதியின் கோல்மார் ஊரைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் பொஃபிங்கர் 1864இல் திறந்த கடை. பீரும் அதற்குத் துணையாகப் பன்றியிறைச்சி வகைகளுமாக எளிமையாகத் தொடங்கியது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றதும் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பிய அல்சாஸ்காரர்கள் ஏராளமானோர் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். பாரிசுக்கு வந்தவர்களோடு அவர்களுடைய பீரும் சமையலும் வந்தன. பாரிசின் சான் ஜெர்மேன் பகுதியில் லெயோனார் லிப் 1880இல் திறந்த புகழ்பெற்ற பிராஸ்ஸரியும் அல்சாஸ்காரர் ஒருவரின் கடைதான். அதே காலத்தில் ஃபைலோக்சரா பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியதில் ஒயினுக்குத் தட்டுப்பாடு வந்தது. பீர்க் கடைகளுக்குக் கூட்டம் சேர்ந்தது.

பொஃபிங்கரின் இன்றைய தோற்றம் முதல் உலகப் போருக்குப் பிறகு அமைந்தது. கீழ்த்தளக் கூடத்தின் நடுவில், தலைக்கு மேலே, பூவேலை செய்த வண்ணக் கண்ணாடியில் நீள்வட்டக் குவிமாடம். பகலில் அதன் வழியே இறங்கும் வெளிச்சம் வெள்ளை மேசைவிரிப்புகளின் மேல் மென்மையாகப் படர்கிறது. கருப்புத் தோல் இருக்கைகள், பித்தளைக் கம்பிகள், சுவர்க் கண்ணாடிகள். சுவரைப் பார்த்து உட்கார்ந்தவருக்கும் கூடத்தின் கலகலப்பு கிடைக்க அந்தக் கண்ணாடிகளே வழி செய்கின்றன. மாடியில் ஒரு அறை முழுக்க ஹான்சியின் ஓவியங்கள். அவரும் கோல்மார்காரர், ஜெர்மானிய ஆட்சியைக் கேலி செய்து வரைந்ததற்காக 1914இல் சிறைத் தண்டனை பெற்று, தப்பி வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். ஊரை இழந்தவர்களின் ஏக்கம் அந்தச் சுவர்களில் இருக்கிறது.

அதே ஏக்கத்தைத் தட்டில் பார்க்க வேண்டுமானால் சுக்ரூத் கேளுங்கள். முட்டைக்கோஸை நூல் நூலாகச் சீவி, உப்பிட்டு, மேலே பாரம் ஏற்றி, வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். நம் பழைய சோற்றைப் போலவே அதுவும் நுண்ணுயிர்கள் தரும் புளிப்புதான். பிறகு அலசிப் பிழிந்து, வாத்துக் கொழுப்பில் வெங்காயம் வதக்கி, ஜூனிப்பர் மணிகளும் வெள்ளை ஒயினும் சேர்த்து, மெல்லிய தீயில் வேக விடுகிறார்கள். மேலே புகையூட்டிய பன்றியிறைச்சி, சாசேஜ்கள், அவித்த உருளைக்கிழங்கு; பக்கத்தில் கடுகு விழுது. நல்ல சுக்ரூத்தில் கோஸ் குழையாது, இழை இழையாகப் பிரியும். முதலில் புளிப்பு, அடுத்து இறைச்சியின் புகைமணம், கடைசியில் ஜூனிப்பரின் லேசான கசப்பு. ஸ்ட்ராஸ்பூர் சாசேஜின் தோல் பல்லில் பட்டதும் நறுக்கென்று உடைய வேண்டும். அது உடையவில்லை என்றால் தண்ணீரில் அதிக நேரம் கிடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிராஸ்ஸரியின் இன்னொரு பெருமை சிப்பி. அதை உடைப்பதற்கென்றே தனி ஆள் உண்டு. குளிரில், வாசலோரத்தில் நின்றபடி, குட்டைக் கத்தியை ஓட்டின் இடுக்கில் செருகி, ஒரு திருப்பில் தசையை அறுத்துத் திறக்கிறார். உள்ளிருக்கும் கடல்நீர் ஒரு சொட்டும் சிந்துவதில்லை, ஓட்டுத் தூளும் விழுவதில்லை. நொறுக்கிய பனிக்கட்டி மேல் அடுக்கி, ரை தானிய ரொட்டியும் வெண்ணெயும் சேர்த்து வருகிறது. சிப்பியின் அளவை எண்ணால் குறிக்கிறார்கள்; எண் கூடக் கூட அளவு சிறிதாகும். முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றாம் எண் பொருத்தம். முதல் சிப்பியில் எலுமிச்சை பிழியாதீர்கள். உப்பின் சுவையை நாக்கு தனியாக அறியட்டும்.

பரிமாறுகிறவர்களைக் கவனிப்பதே தனி ரசனை. கருப்பு மேலங்கி, கணுக்கால்வரை வெள்ளை ஏப்ரன். வெண்ணெயில் வறுத்த முழு சோல் மீனை மேசையருகே வைத்து, கரண்டியும் முள்கரண்டியும் மட்டும் கொண்டு நடுமுள்ளை முழுசாகத் தூக்கிவிடுகிறார்கள். நான்கு துண்டுகளும் உதிராமல் தட்டுக்கு வருகின்றன. சாப்பிட்டு முடித்த பிறகும் யாரும் உங்களை எழுப்ப மாட்டார்கள். நீங்கள் கேட்டால்தான் பில் வரும்.

இன்று பாரிசின் பழைய பிராஸ்ஸரிகள் பலவும் பெரிய உணவக நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன. 1927இல் திறந்த லா கூப்போல் போன்றவற்றின் கூடங்களை அரசு வரலாற்றுச் சின்னங்களாகப் பதிவு செய்திருக்கிறது. தூணையும் கண்ணாடியையும் சட்டம் காப்பாற்றிவிடும். முள் எடுக்கும் கையையும் சிப்பி திறக்கும் கையையும் சட்டத்தால் காப்பாற்ற முடியாது. யாராவது அந்த மீனையும் சிப்பியையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால்தான் அந்தக் கைகளுக்கு வேலை. ஆகவே அங்கே போனால் கூரையைப் படம் எடுத்துக்கொண்டு காபியோடு திரும்பிவிடாதீர்கள். பசியோடு போங்கள், சுக்ரூத்தையோ சோல் மீனையோ கேளுங்கள்.