மடைப்பள்ளிச் சகோதரர்

பக்தி நூல்களில் பெரும்பாலானவை, வேளாவேளைக்கு யாரோ சமைத்துப் போட, உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எழுதியவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றாட வேலைக்கு நடுவே கடவுளை உணர்வது பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தால் எனக்குச் சற்றுச் சந்தேகம் வந்துவிடுகிறது. கிறிஸ்தவர்கள் தேவ பிரசன்னம் என்று சொல்வதைப் பற்றிச் சமைத்துப் போட்டவரே பேசிய புத்தகம் ஒன்று உண்டு. சகோதரர் லாரன்ஸின் பேச்சுக்களும் கடிதங்களும் அடங்கிய சின்னப் புத்தகம் அது.

லொரேன் பிரதேசத்தில் பிறந்தவர். இயற்பெயர் நிக்கொலா எர்மான். சிப்பாயாக இருந்து காலில் காயம்பட்டு நொண்டியானார். பிறகு பெரிய மனிதர் ஒருவரிடம் சேவகம். எதைத் தொட்டாலும் உடைத்துவிடுவாராம். 1640-ல் பாரிஸில் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது மடைப்பள்ளி. சமையல் வேலை அவருக்குப் பிடிக்காது. பதினைந்து வருஷம் அதைச் செய்தார்.

இந்த இடத்தில்தான் புத்தகம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடவுள் அருகில் இருக்கிறார் என்று உணர்ந்ததும் அடுப்படி சொர்க்கமாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. பிடிக்காத வேலை பிடிக்காத வேலைதான். மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்கப் படகில் பர்கண்டிக்குப் போகச் சொல்கிறார்கள். அவருக்கோ வியாபாரம் தெரியாது. கால் வேறு சரியில்லை. பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் படகில் நகர முடிகிறது. 'இது உம்முடைய காரியம்' என்கிற மாதிரி கடவுளிடம் சொல்லிவிட்டுப் போகிறார், காரியம் நடந்துவிடுகிறது. பீப்பாய் மேல் உருளும் அந்த மனிதருக்காக நான் பத்துப் பிரசங்கங்களை விட்டுக்கொடுப்பேன்.

இப்படிப்பட்ட காட்சிகள் புத்தகத்தில் அதிகம் இல்லை என்பதுதான் என் குறை. சம்பாஷணைகளைக் குறித்துவைத்த பொஃபோர் பாதிரியார் நல்ல மனிதர், நாவலாசிரியர் அல்ல. 1666-ல் முதல் தடவை சந்தித்தபோது சமையல்காரர் சொன்ன கருத்துக்களையெல்லாம் எழுதிக்கொண்டார்; புகையையும் கரியையும் விட்டுவிட்டார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுளின் மேலுள்ள அன்புக்காகவே செய்ததாக ஓரிடத்தில் வருகிறது. அந்த ஆம்லெட் இல்லாவிட்டால் அது மடைப்பள்ளி என்பதே மறந்துபோயிருக்கும்.

இதை ஒரு சுலப வழி என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் முயன்றுவிட்டு அலுத்துப்போகிறவர்கள் உண்டு. மனம் அலையும், இழுத்துக்கொண்டு வா, மறுபடி அலையும் என்கிறார் லாரன்ஸ். வேறு ரகசியம் எதுவும் அவரிடம் இல்லை. தாம் பத்து வருஷம் அவஸ்தைப்பட்டதாகக் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். தவறினால் 'நீர் விட்டுவிட்டால் நான் இப்படித்தான்' என்று கடவுளிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம். குற்ற உணர்ச்சியையே பக்தியென்று நினைத்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

பதினாறு கடிதங்களும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கின்றன. இலக்கியமாகப் பார்த்தால் இது பலவீனம். ஆனாலும் சம்பாஷணைகளைவிட இவற்றைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். கடைசிக் கடிதம் 1691 பிப்ரவரி 6-ந் தேதி எழுதியது. 12-ந் தேதி இறந்துபோனார். மற்றொரு கடிதத்தில், மடத்தில் உள்ள ஒருவரின் அனுபவம் என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுகிற மாதிரி தம் கதையையே எழுதுகிறார். வேறொன்றில், மிகவும் வற்புறுத்திக் கேட்டதால் எழுதுவதாகவும், யாருக்கும் இதைக் காட்டக்கூடாது என்றும் நிபந்தனை போடுகிறார். காட்டுவது தெரிந்தால் எழுதவே மாட்டேன் என்கிறார். அவர் இறந்த அடுத்த வருஷமே, 1692-ல், பொஃபோர் அச்சுப் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கடிதத்தைத்தான் நானும் மூன்று தடவை படித்திருக்கிறேன்.