மருத்துநீரும் வாகரையின் வேனிலும்

சித்திரைப் புத்தாண்டில் ஈழத்தமிழர் தலையில் தேய்த்து நீராடும் மருத்துநீரைப் புனிதமென்று போற்றுவதும், மூடநம்பிக்கையென்று ஒதுக்குவதும் ஆய்வுக்கு உதவா. சுக்கு, மிளகு, மஞ்சள், துளசி, வில்வம், தாமரைப்பூ, மாதுளம்பூ, பால் முதலியன சேர்த்துக் காய்ச்சப்படும் அந்நீர், பருவமாற்றத்துக்கு உடலை ஆயத்தப்படுத்திய மருத்துவ ஒழுக்கமொன்றின் எச்சமாகலாம்.

பஞ்சாங்க மரபோ அதனைப் புண்ணியகாலத்துள் அடக்கிவிட்டது. எந்நேரத்தில் என்பதில் வாக்கியமும் திருக்கணிதமும் முரண்படுகின்றன. எவ்வளவு, எவருக்கு, ஏன் என்பன விவாதத்துக்கே வருவதில்லை.

நூல்வழக்கை மட்டும் நம்புதலும் போதாது. சரக சங்கிதை கூறும் வசந்தம், குளிர்காலத்தில் திரண்ட கபம் வெயிலால் இளகும் பருவம். மட்டக்களப்பின் வடகோடியிலுள்ள வாகரையில் அத்தகைய குளிர்காலம் இல்லை. சித்திரை, வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தபின் வெப்பம் மிகும் காலம். அந்நூலின் வசந்தவிதிகளை இந்நிலத்தின்மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

2004இன் கடற்கோளையும் 2006-2007இன் போர் இடப்பெயர்வையும் கண்ட வாகரையில், கரையோர வேடர் உள்ளிட்ட மக்களின் மூலிகையறிவைப் பதிவுசெய்தல் காலந்தாழ்த்தக் கூடாத பணியாகும். சித்தமருத்துவம் பயிற்றும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் வடக்கே தொலைவிலில்லை. ஏட்டறிவும் களஅறிவும் ஒன்றையொன்று சோதிக்காவிடின், நமக்கு எஞ்சுவது நாழிகைக் கணக்கு மட்டுமே.