பழவேற்காட்டில் லாஸ்லெஸ்: எதில் எது தொலையவில்லை?

'லாஸ்லெஸ்' என்பதைத் தமிழில் 'இழப்பற்ற ஒலி' என்று எழுதுகிறார்கள். சரியான சொல்தான். ஆனா எதிலிருந்து எது இழக்கப்படவில்லை என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, இந்த வியாபாரம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் கணக்கு. சிடியில் இருக்கும் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். மொத்தம் நொடிக்கு 1,411 கிலோபிட். எம்பி3, ஏஏசி மாதிரியான முறைகள் காதுக்குத் தெரியாது என்று கணித்த பகுதிகளைத் தூக்கி எறிந்துவிட்டு இதை 256 அல்லது 320 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடும். எறிந்தது திரும்ப வராது. ஃப்ளாக், ஆப்பிளின் அலாக் இரண்டும் அப்படியில்லை. ஜிப் கோப்பு மாதிரி மடித்து வைக்கும். விரித்தால் ஒரு பிட் குறையாமல் பழையபடி வரும். அளவு ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணமில்லாமல் இதைத் தந்தது. ஸ்பாட்டிஃபை அதே வருஷம் பிப்ரவரியில் அறிவித்துவிட்டு, 2025 செப்டம்பர் வரை காக்க வைத்தது.

நான் இதைக் கேட்டுப் பார்த்தது பழவேற்காட்டில். ஏரியோர குப்பங்களில் பாட்டு எதில் ஓடுகிறது என்று பார்த்தால் லாஸ்லெஸ் விளம்பரம் யாருக்கானது என்று புரிந்துவிடும். வலை பொத்துகிற இடத்தில் ஒரு புளூடூத் பெட்டி. படகில் ஃபோனின் சொந்த ஸ்பீக்கர், பக்கத்திலேயே எஞ்சின். கோயில் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கர். ஒரே பாட்டை ஏஏசியிலும் லாஸ்லெஸ்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். வலையிலிருந்து தலையைத் தூக்காமலே நண்பர் சொன்னார்: "அதே பாட்டுதானண்ணே, இன்னாத்துக்குத் திரும்பத் திரும்பப் போடுற?"

அவர் காதில் குறையில்லை. புளூடூத் வழியாகப் போகும்போது ஃபோன் அந்த லாஸ்லெஸ் கோப்பை விரித்து, மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. விலை குறைந்த பெட்டிகளில் பெரும்பாலும் எஸ்பிசி. அதன் உச்சம் சுமார் 328 கிலோபிட். அதாவது, ஏரித் தண்ணியை டேங்கர் நிறைய கொண்டுவந்து, கடைசியில் குடத்தின் வாய் வழியாக ஊற்றுகிறோம். டேங்கருக்கான வாடகை மட்டும் டேட்டாவில் போகிறது. நாலு நிமிஷப் பாட்டு லாஸ்லெஸ்ஸில் 25 எம்பி பக்கம். 256 கிலோபிட் ஏஏசியில் 8 எம்பிக்குள். தினம் ஒன்றரை ஜிபி பேக் போட்டவருக்கு இது 60 பாட்டா, 190 பாட்டா என்ற கேள்வி. பாட்டுக்குப் பிறகுதான் காற்று நிலவரம் பார்க்கணும், மீன் ஏலத்துக்கு ஃபோன் பண்ணணும்.

வயர் ஹெட்ஃபோன் போட்டு அமைதியான அறையில் உட்கார்ந்தால்? அங்கேயும் வித்தியாசம் மெலிசுதான். ஏஏசிக்கும் லாஸ்லெஸ்ஸுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய தெரியாது என்று ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. சிடி தரத்துக்கு மேல் போகும் 'ஹை-ரெஸ்' விஷயத்தில் இரண்டு ஆய்வுகளைச் சொல்லணும். 2007இல் மேயரும் மோரனும் 554 முறை கேட்கவைத்துப் பார்த்தார்கள். உயர்தர டிஸ்கையும் அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரீஸ் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. சும்மா காசு சுண்டினாலே 50. புள்ளியியல்படி வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அதை வைத்து 192 கிலோஹெர்ட்ஸ் விற்பது ரொம்ப ஓவர்.

இதோடு நிறுத்தினால் 'லாஸ்லெஸ் ஏமாத்து வேலை' என்று ஆகிவிடும். என் புகார் அதுவல்ல. ஃப்ளாக் சொன்னதைச் செய்கிறது. கொடுத்த கோப்பில் ஒன்றும் குறையாது. கொடுத்தது என்ன என்பதுதான் பிரச்சினை, தமிழ்ப் பாட்டுக்கு இது பெரிய பிரச்சினை.

எண்பதுகளின் பாட்டு ஒன்று உங்கள் ஃபோனுக்கு வரும் வழியை யோசியுங்க. ஸ்டுடியோ டேப், அதிலிருந்து இசைத்தட்டு, கேசட், பிறகு சிடி, பிறகு யாரோ செய்த 'ரீமாஸ்டர்'. எக்கோ இசைத்தட்டில் கேட்டவர்கள் இன்றும் அதை விடாமல் தேடுவது வெறும் பழைய நினைப்பால் இல்லை. சில ரீமாஸ்டர்களில் சத்தத்தைத் தூக்கி, மெல்லிய இடமும் பலத்த இடமும் ஒரே மட்டத்துக்கு வந்திருக்கும். இடது ஓரத்தில் இருந்த கிட்டார் நடுவுக்கு நகர்ந்திருக்கும். கேட்காத எதிரொலி சேர்ந்திருக்கும். லாஸ்லெஸ் முத்திரை இதையெல்லாம் ஒரு பிட் விடாமல் காப்பாற்றித் தரும்!

இன்னும் மோசமான வகை ஒன்று உண்டு. ஒரு சேவையில் லாஸ்லெஸ் என்று போட்டிருந்த பாட்டின் அலைமாலை வரைபடத்தைப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றது. டேப்போ கேசட்டோ என்றால் மேல் சுரங்கள் சரிவாகத் தேயும், இப்படிச் சுவர் எழுப்பாது. 128 கிலோபிட் எம்பி3 விட்டுப்போகிற தடம் இது. எங்கேயோ எம்பி3 ஆன பாட்டை யாரோ மறுபடி பெரிய கோப்பாக்கி ஏற்றியிருக்க வேண்டும். இதைப் பார்க்க ஆடாசிட்டி போதும், இலவசம். உங்களுக்குப் பிடித்த பத்துப் பாட்டைப் போட்டுப் பாருங்க.

இசைத்தட்டின் பின்னட்டையில் இருந்த விவரமும் சேர்ந்து போய்விட்டது. எந்த மூலத்திலிருந்து எந்த வருஷம் எடுத்தது என்று ஒரு வரி போட எத்தனை பிட் செலவாகும்? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்களைக் காட்டுகிற சேவை 'மூலம்: கேசட்' என்று போடட்டும், நான் சந்தோஷமாகக் கேட்பேன். வயலின் யார் வாசித்தது என்றும் போட்டால் இன்னும் நல்லது.

பழவேற்காட்டுக்கு வருகிறேன். அங்கே 'பாடு' என்றால் முதலில் பாட்டு ஞாபகம் வராது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் பழைய ஏற்பாட்டுக்குப் பாடு என்று பெயர். ஆனால் பாட்டும் இருந்தது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பா. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்ல, இழுப்பின் வேகம்தான் தாளம். எஞ்சினும் மாறிய வலைகளும் வந்தபின் சேர்ந்து இழுக்கிற வேலை குறைந்தது, பாட்டும் குறைந்தது.

நண்பரின் ஃபோனில் அப்படி ஒரு பாட்டு இருக்கிறது. அவருடைய பெரியப்பா பாடியது, வாட்ஸப் குரல் செய்தியாக. ஓபஸ் கோடெக், பேச்சுக்கென்று வைத்த மிகக் குறைந்த பிட் வீதம், பின்னால் காற்று, யாரோ கூப்பிடுகிற சத்தம். திருப்பிச் சொல்ல ஆளில்லாததால் பதில் வரிகளையும் அவரே பாடுகிறார். இந்த ஒலியில் போனது எல்லாம் போனதுதான், எந்த ஃப்ளாக்கும் மீட்டுத் தராது. லாஸ்லெஸ் இங்கேதான் நிஜமாகத் தேவைப்பட்டது: கேட்கும் முனையில் இல்லை, பதிவு செய்யும் முனையில்.

பெரியவர் இன்னும் இருக்கிறார். அடுத்த முறைக்கு நண்பரின் ஃபோனில் வேவ் கோப்பாகப் பதிகிற இலவச செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நிமிஷத்துக்கு 6 எம்பிக்குக் கீழே. மைக் மேல் மெல்லிய துணி ஒரு சுற்று. காலையில், கடல்காற்று எழும்புவதற்கு முன்னால். திருப்பிச் சொல்ல இரண்டு பேரைக் கூட்டி வருவது அவர் பொறுப்பு.