'இங்கே' என்றால் எங்கே?

பம்மலில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண்மணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் பொருள் கம்பெனியில் தையல் வேலை. அங்கேயே கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலி, எக்ஸெல் தெரிந்தால் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் கூடும் என்பதைவிட, நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து உட்கார வேண்டாம் என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் செல்போனில் தமிழ் வீடியோக்களைப் போட்டுப் படிக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "எனக்குத்தான் மண்டைல ஏற மாட்டேங்குதுண்ணா, விட்டுரலாம்னு பாக்கறேன்" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு நிமிடம் சப்ஸ்க்ரைப் பண்ணச் சொல்லி வேண்டுகோள். அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் திரை. அதில் எழுத்துக்கள் எறும்பு வரிசை மாதிரி. "இப்ப இதை க்ளிக் பண்ணிட்டு, இங்க போய், இதை டைப் பண்ணுங்க" என்கிறது ஒரு உற்சாகக் குரல். எதை? எங்கே? மௌஸ் அம்பு, சாம்பார் வாளியைச் சுற்றும் ஈ போல நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து விட்டது.

பெண்மணியின் பிரச்னை ஒரே ஒரு புள்ளிதான். ஸம் ஃபார்முலாவில் பி2-க்கும் பி9-க்கும் நடுவில் முக்காற்புள்ளி போட்டால் எட்டுக் கட்டங்களின் கூட்டல் வரும். கமா போட்டால் முதலும் கடைசியும் மட்டும் கூடும். வீடியோவில் அந்த இடத்தில் ஒரு கறை தெரிந்தது. அவர் அதைக் கமா என்று படித்தார். எக்ஸெல் 'தப்பு' என்று சொல்லவில்லை. ஏனென்றால் அதன் பார்வையில் தப்பே இல்லை. விடை மட்டும் குறைவாக வந்தது. நாலு நாள் உட்கார்ந்து, கடைசியில் தன் மண்டையைச் சந்தேகித்துவிட்டார். தெளிவில்லாத பாடத்தின் கெடுதல் இதுதான். பழியை எப்போதும் மாணவர் ஏற்றுக்கொண்டு விடுகிறார்.

இப்படித் திரையைப் பதிவு செய்து குரல் கொடுப்பதற்கு ஸ்க்ரீன்காஸ்ட் என்று பெயர். 2004-ல் ஜான் உடெல் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்தி எழுத்தாளர், தன் வாசகர்களிடம் பெயர் கேட்டு வாங்கியது. இன்று தமிழில் இந்த வகை வீடியோ குவிந்து கிடக்கிறது. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சட்னிக்குக்கூட எழுதுகிறோம். ஒருவரின் பிழைப்பையே மாற்றக்கூடிய இந்தப் பாடங்களுக்கு யாரும் எழுதுவதில்லை.

ஏன் மங்குகிறது? நான் பி.காம்., எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். ஃபுல் எச்.டி. திரையில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். டேட்டாவை மிச்சம் பிடிக்க நம் பெண்மணி 360-ல் பார்க்கிறார். 640-க்கு 360, மொத்தம் 2,30,400. சரியாக ஒன்பதில் ஒரு பங்கு. ஒன்பது ரூபாய் வரவு, ஒரு ரூபாய் இருப்பு. பாக்கி எட்டு ரூபாயில் அந்த முக்காற்புள்ளியும் போயிற்று. போதாததற்கு, வீடியோவைச் சுருக்கும்போது வழக்கமாக நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒரே வண்ணக் கணக்குதான் வைப்பார்கள். மனித முகத்தில் இது தெரியாது. நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து போட்டுப் பாருங்கள், கசிந்த மை மாதிரி இருக்கும்.

பரிகாரம் பைசா செலவில்லாதது. பதிவுக்கு முன் திரையை 1280-க்கு 720 என்று மாற்றிக்கொண்டால் எழுத்துக்கள் பெரிதாகும், 360-க்குச் சுருங்கினாலும் நாலில் ஒரு பங்காவது மிஞ்சும். எக்ஸெலையோ ப்ரௌசரையோ 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கலாம். 2012-லிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓ.பி.எஸ். மென்பொருளில், பதியும் அளவும் வெளியாகும் அளவும் ஒன்றாக இருக்கட்டும். வேறாக இருந்தால் எழுத்தின் ஓரம் பஞ்சாகும். வெள்ளையில் கறுப்பு போதும், வர்ணஜாலம் வேண்டாம். முடிந்ததும், பதிந்தவரே தன் போனில், 360-ல், கை நீட்டும் தூரத்தில் வைத்து ஒருமுறை பார்க்கட்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்தாலே பாதி வீடியோக்கள் வெளியே வராது.

ஒழுங்காகச் செய்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய ஸ்போக்கன் ட்யுட்டோரியல், மத்தியக் கல்வி அமைச்சகப் பணத்தில் வளர்ந்த திட்டம். ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். முதலில் எழுத்துப் பிரதி தயாராகும். ஒரு பத்தியில் திரையில் என்ன தெரிய வேண்டும், பக்கத்துப் பத்தியில் என்ன பேச வேண்டும். விஷயம் தெரியாத ஒரு புதியவர் அதை வைத்துச் செய்து பார்த்த பிறகுதான் பதிவு. அப்புறம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் குரல் மாற்றுகிறார்கள். ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் உங்கள் மென்பொருள், பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள் என்பது அவர்கள் முறை. எல்லாம் இலவசம்.

குறை? உண்டு. குரல் தமிழானாலும் திரை ஆங்கிலத்துக்குப் பதிந்ததுதான். தமிழ் வாக்கியம் நீளமானது. அதே நேரத்துக்குள் அடக்க வேண்டியிருப்பதால் சில இடங்களில் குரல் பல்லவன் பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடுகிறது. நடை பாதி பாடப்புத்தகம். ஆரம்பத்தில் வந்த லிப்ரே ஆபீஸ் பாடங்கள் 3.3.4 பதிப்பில் பதிந்தவை. இன்றைய பதிப்பை வைத்துக்கொண்டு தேடினால் சில மெனுக்கள் வீடு மாறிப் போயிருக்கும். இத்தனைக்கும் மேல், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. நம்மூர் உற்சாகக் குரல்களில் நான் தேடுவது அதைத்தான். அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தமிழும் காதுக்கு இதமான பேச்சுத் தமிழ். எழுதி வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பம்மல் என்றதும் கமல் படம் ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்த அமெச்சூர்களை மேடையேற்றினார். வக்கீல், பிறகு நீதிபதி. 90-க்கு மேல் நாடகங்கள் எழுதினார். தொழில்முறை நடிகர்கள் இல்லை என்பதற்காகப் பிரதியையும் ஒத்திகையையும் விட்டுவிடவில்லை. வீட்டு மாடியில் மைக் மாட்டிக்கொண்டு பாடம் சொல்கிறவர்களும் அமெச்சூர்கள்தான். அவர்களும் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

அன்று என் லேப்டாப்பைத் திறந்து, எக்ஸெலை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அந்த ஃபார்முலாவை அடித்துக் காட்டினேன். எட்டுக் கட்டமும் கூடியது. பெண்மணி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கோபமாகச் சொன்னார்:

"மேல ஒண்ணு கீழ ஒண்ணு, ரெண்டு புள்ளின்னு அந்த ஆளு வாயால சொல்லியிருந்தா போதுமேண்ணா!"

இதைவிட நல்ல விமர்சனம் என்னால் எழுத முடியாது.