சேக்கிழார் கண்ட காடும் கரிசற்காடும்

விருதுநகரை அடுத்த மல்லாங்கிணற்றிலும் அதனைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களிலும் ஒருவர் ‘காட்டுக்குப் போயிருக்கிறார்’ என்று கூறினால், அவர் புலி வாழும் அடவிக்குச் சென்றார் என எவரும் பொருள் கொள்ளார். பருத்தியோ கம்போ விளையும் மானாவாரிப் புன்செய்க்குச் சென்றார் என்பதே பொருள். பருத்திக்காடு, கம்மங்காடு, சோளக்காடு என்பன ஆண்டு நாளும் வழங்கும் தொடர்கள். காடு என்றதும் வனம், கானகம், அடவி என்று எழுதிப் பழகிய மாணவர் இவ்வழக்கைக் கொச்சை என ஒதுக்கக் கூடும். அங்ஙனம் ஒதுக்குதல் தவறு. இடைக்கால இலக்கியத்தின் ஒரு பகுதியை நாம் பிறழ உணர்ந்திருப்பதை இவ்வழக்கே நமக்குச் சுட்டுகிறது.

இடைக்காலத் தமிழர் காட்டை அஞ்சி விலகினர், நாட்டின் பகையாகக் கருதினர் என்பார்க்குக் கலிங்கத்துப்பரணியின் ‘காடு பாடியது’ பெருந்துணையாக நிற்கின்றது. உலர்ந்த மரமும் வெடித்த நிலமும் நீரற்ற வெம்மையுமாகச் சயங்கொண்டார் அக்காட்டை வருணிக்கின்றார். ஆயினும் அது காளி உறையும் இடம். போர்க்களத்துப் பேய்களுக்கு ஏற்ற அரங்காகப் பாலை மரபிலிருந்து புலவர் சமைத்துக்கொண்ட காடு அது. முதற் குலோத்துங்கன் காலத்து மக்கள் விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் சென்ற காட்டை அதிற் காண முயல்வது வீண் முயற்சியே.

அக்காட்டைக் காண விழைவோர் பெரியபுராணத்துக் கண்ணப்பர் வரலாற்றையே நாடுதல் வேண்டும். பக்திச் சுவையில் தோய்ந்து படிக்கும் நாம் அதன் முற்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றோம். பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகன் மூப்படைகின்றான். அவன் பல்லாண்டுகள் வேட்டையாடியதோடு கானத்தைக் காத்தும் வந்தவன் என்கின்றார் சேக்கிழார். அவன் தளர்ந்ததும் நிகழ்வது யாது? மலைச்சாரற் புனங்களில் பன்றி, புலி, கரடி, கடமை, ஆமா, மரை, மான் ஆகியன நெருங்கிப் பெருகுகின்றன. மாதந்தோறும் நடைபெற வேண்டிய வேட்டை தாழ்த்தது என்று வேடர் திரண்டு வந்து முறையிடுகின்றனர். திண்ணனார் தலைமை ஏற்பது இம்முறையீட்டின் விளைவே.

ஈண்டு மூன்று செய்திகள் உற்று நோக்கற்பாலன. வேட்டை மனம்போன போக்கில் ஆடப்படுவதன்று. அதற்குத் திங்கள் முறை உண்டு. அதன் நோக்கம் ஊன் மட்டுமன்று. புனங்காவலும் அதனுள் அடங்கும். வேட்டைக்கு முன் தேவராட்டியை அழைத்துக் காட்டுக்குப் பலியூட்டுகின்றனர். காட்டினின்று கொள்ளுமுன் காட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களிடை இருந்தது. இனி, வேட்டை தொடங்கியபின் வருவது இன்னும் அரியது. யானைக்கன்றுகளை அவர்கள் தொடர்வதில்லை. சிறு குருளைகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலைப்பதில்லை. இதனை அடியவரின் அருளுள்ளத்துக்கு முன்னறிகுறி என்று கூறி அமைவாருண்டு. அஃது அரைகுறை விளக்கம். இவ்வரம்பைப் பேணுவோர் திண்ணனார் ஒருவர் அல்லர். வேட்டைக் கூட்டத்தார் அனைவரும் பேணுகின்றனர். ஒருவரது அருட்பண்பைக் காட்டிலும் குடியின் ஒழுக்கம் என்று கொள்ளுதலே பொருந்தும்.

அதே காட்டில் சிவகோசரியாரும் வாழ்கின்றார். அவர்க்கு அது தபோவனம். மலரும் தூநீரும் தரும் இடம். வேடர்க்கோ ஊனும் தேனும் தரும் இடம். குடுமித்தேவர் திருமுன் கிடந்த ஊனைக் கண்டு அவர் பதறும் காட்சி, ஒரே காட்டை இருவகைப் பயன் நோக்கில் கண்டோர் எதிர்ப்படும் காட்சியுமாகும். இவ்விருவருள் ஒருவர்க்கே காடு உரியது என்று சேக்கிழார் எங்கும் கூறவில்லை.

சேக்கிழாரைச் சோழ அரசின் அமைச்சர் என்று மரபு கூறும். சோழர் செப்பேடுகளில் தான நிலத்தின் உரிமைகளை அடுக்கும் பகுதியைப் படித்தோர்க்கு இதன் பொருத்தம் விளங்கும். மேல்நோக்கி வளரும் மரம், கீழ்நோக்கும் கிணறு, கன்று மேயும் பாழ், புற்று, காடு, களர், தேன் கட்டும் பொதும்பு, உடும்பு ஓடும் நிலம் எனப் பட்டியல் நீள்கின்றது. அங்குக் காடு ஊருக்குப் புறத்தே நிற்பதன்று. ஊரின் உடைமைகளுள் ஒன்று.

இதற்கு மறுதலையான சான்றையும் மறைத்தல் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலவரலாற்றில் வில்லி, கண்டன் என்னும் உடன்பிறந்தார் வேட்டைக்குச் செல்ல, கண்டனைப் புலி கொல்கின்றது; கனவிற் பெருமாள் ஆணையிட, வில்லி காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் அமைக்கின்றான். புத்தூர் என்னும் பெயரே அவ்வழிப்பை நினைவூட்டுகின்றது. காடு அழிந்தே ஊர்கள் பெருகின என்பதில் ஐயமில்லை. அழிந்த நிலமும் தன் பழம்பெயரை விடவில்லை என்பதைக் கரிசல் வழக்கு காட்டுகின்றது போலும். சேக்கிழார் விளைநிலத்தைப் புனம் என்றே குறிக்கின்றார். ஆதலின் இச்சொல் வரலாற்றை அவரைக் கொண்டு நிறுவியதாக யாரும் கருதற்க. காடும் புனமும் ஒரே காவலின்கீழ் இருந்தன என்ற அளவே அவர் தரும் சான்று.

இங்கிலாந்தில் நார்மானியர் ஆட்சியில் வனம் என்பது மரம் செறிந்த இடத்தையன்றி, அரசனது வேட்டைச் சட்டம் செல்லும் எல்லையைக் குறித்தது. குடிகளின் உரிமைகளை ஓரளவு மீட்கவே 1217-இல் வனச் சாசனம் தோன்றியது. நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் எல்லைக்கல் நட்டுக் காட்டையும் ஊரையும் பிரித்தது. அக்கல்லுக்குப் பின்னே பிறந்த நாம், அக்கல் நடப்படாத காலத்துப் பாட்டையும் அதன் இப்புறம் நின்றே படிக்கின்றோம். வேடர் முறையிட்ட அவ்விரண்டு மூன்று பாடல்கள் நம் பாடத்தொகுப்புகளில் விடுபடுவதற்கும் இதுவே காரணமாதல் கூடும். கண்ணிடந்து அப்பிய பகுதியோடு அவற்றையும் சேர்த்தே மாணவர்க்குப் பாடமாக வைத்தல் வேண்டும்.