எட்டு அடி பலகை, இரண்டாவது மாடி வீடு

முதலில் நான் ஆசைப்பட்டது ஜெட் ஸ்கிக்கு. நின்றபடி ஓட்டும் வகை. அலையின் முகத்தில் ஏறி, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, மறுபடி நீரில் வந்து இறங்குகிறவர்களின் வீடியோக்களை ராத்திரி ராத்திரியாகப் பார்த்து வளர்த்துக்கொண்ட ஆசை. முட்டுக்காடு படகு இல்லத்தில் நாம் ஏறும் வாட்டர் ஸ்கூட்டர் வேறு ரகம். அதில் சோபாவில் உட்காருவதுபோல உட்கார்ந்து போகலாம். ஆனால் 1973-ல் கவாஸாகி ‘ஜெட் ஸ்கி’ என்ற பெயரில் முதலில் கொண்டுவந்த வண்டிக்கு இருக்கையே கிடையாது. கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற மோட்டோகிராஸ் பந்தயக்காரரின் மூளையில் உதித்தது அது. மண்ணில் விழுந்து அடிபடுவதைவிடத் தண்ணீரில் விழுவது மேல் என்று நினைத்திருக்கிறார்.

கொஞ்ச நாள் எண்களோடு குடும்பம் நடத்தினேன். யமஹாவின் சூப்பர்ஜெட் 1990-ல் வந்தது. வெகுகாலம் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். 2021 மாடலில் 1,049 சிசி நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது, எடை சுமார் 170 கிலோ. கவாஸாகியின் 1,500 சிசி எஸ்எக்ஸ்-ஆர் 250 கிலோ. அலையில் விளையாடுகிறவர்கள் இன்றைக்கும் குட்டையான, எடை குறைந்த பழைய இரண்டு ஸ்ட்ரோக்கைத்தான் தேடிப் போகிறார்கள். அலை உச்சியில் தூக்கி எறிய வேண்டிய பொருளில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. சரி, சேலையூரிலிருந்து டிரெய்லரில் இழுத்துக்கொண்டு போய், கோவளம் மணலில் 170 கிலோவை யார் தள்ளுவது? குளிக்கிற கூட்டத்துக்கும் கரையேறும் மீன்பிடிப் படகுகளுக்கும் நடுவே அதை எங்கே ஓட்டுவது? விலையைப் பற்றி வீட்டில் பேச்செடுப்பது யார்? மூன்றாவது கேள்வியிலேயே ஆசை அடங்கிவிட்டது.

அலை ஆசை மட்டும் அடங்கவில்லை. ஆகவே எஞ்சினைக் கழற்றிவிட்டு மீதியை வாங்கினேன்: மேல்தோல் மெத்தென்று இருக்கும் ஃபோம் சர்ஃப் பலகை, 8 அடி நீளம். பிப்ரவரி முதல் ஜூலை வரை, வாரத்துக்கு ஒரு நாளாவது, தாம்பரத்துக்கும் கோவளத்துக்கும் இடையே அதைச் சுமந்து திரிந்த அனுபவம்தான் இந்த விமர்சனம்.

சென்னையை அடுத்த இந்தக் கோவளம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே அலைச்சறுக்கு என்பது இறக்குமதிச் சரக்கு மட்டுமில்லை. கட்டுமரத்தில் நின்றபடி துடுப்புப் போட்டு, அலை முதுகில் ஏறிக் கரைக்கு வருவதை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கோவளம் மீனவக் குப்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் சிறுவயதில் கையில் கிடைத்த மரப்பலகையில் அலை ஏறிப் பழகியவர். 2012-ல் தொழிலதிபர் அருண் வாசு போன்றோரின் துணையோடு அவர் தொடங்கிய பள்ளிதான் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் சர்ஃப் பள்ளிகளுக்கு வழிவகுத்தது. 2013-ல் கோவளத்தின் முதல் சர்ஃப் விழா. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃப் சாம்பியன்ஷிப் நடந்தபோது இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் இருக்க, நான் நாற்பது வயதுவரை மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

முதல் பலகை விஷயத்தில் நானும் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் செய்தேன். பழைய பலகை ஒன்று விற்பனைக்கு வந்தது: ஃபைபர் கண்ணாடி, 6 அடி 2 அங்குலம், வாள் மாதிரி மெலிசு, நடுவில் பெரிய ஸ்டிக்கர். பார்க்க அழகு. கடற்கரைக்குக் கொண்டுபோனதும் பயிற்சி கொடுக்கும் பையன் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணா, போர்டு சூப்பரா இருக்கு. ஆனா இது உங்களுக்கு இல்ல, எனக்கு” என்றான். ஸ்டிக்கரை நகத்தால் நெண்டினான்; அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மேல்தோல் உப்பிப் போயிருந்தது. அன்று முழுக்க ஒருதரம்கூட என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தாலே பலகை தண்ணீருக்குள் போய்விட்டது.

பலகையின் மிதவையை லிட்டரில் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ளும்போது உடல் எடை எத்தனை கிலோவோ குறைந்தது அத்தனை லிட்டர் இருக்கட்டும் என்பது கரையில் சொல்லும் கணக்கு. நான் 78 கிலோ. அந்த அழகுப் பலகை 30 லிட்டர் இருந்தால் அதிகம். ஃபோம் பலகையோ 8 அடி நீளம், இருபத்திரண்டரை அங்குல அகலம், மூன்றே கால் அங்குலத் தடிமன், 86 லிட்டர். கடையில் விற்பனையாளர் நிறத்தைப் பற்றியே பேசுவார். நீங்கள் லிட்டரைப் பற்றியே பேசுங்கள்.

உள்ளே இருப்பது தெர்மாகோல்தான், டிவிப் பெட்டியில் வருகிறதே அதன் கெட்டியான உறவு. வளையாமலிருக்க நீளவாக்கில் மூன்று மரச்சட்டங்கள். மேலே மெத்தென்ற ஃபோம் தோல், அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு. பின்பக்கம் மூன்று பிளாஸ்டிக் துடுப்புகள் (ஃபின்), பலகையைத் துளைத்துத் திருகாணி போட்டு முடுக்கியவை. எடை சுமார் 6 கிலோ. எனக்கு இருபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது.

தண்ணீரில் எப்படி? பொறுமையான வாத்தியார் மாதிரி. நாம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாலும், கால் ஒரு சாண் பின்னால் விழுந்தாலும் மன்னித்துவிடுகிறது. இரண்டாவது நாள் காலையில், உடைந்து நுரையாக வரும் அலையில், முழங்கால் ஊன்றாமல் எழுந்து நின்றுவிட்டேன். கரை என்னை நோக்கி வந்தது. ஐந்து விநாடி இருக்கும். அதற்கப்புறம் ஆபீஸில் இரண்டு நாள் வேலை ஓடவில்லை.

குறைகளும் அதே உடம்பில்தான் இருக்கின்றன. உள்ளே போகும்போது எதிர்ப்படும் நுரைச்சுவருக்கு அடியில் இந்தப் பலகையை அமுக்கிக்கொண்டு முங்க முடியாது. 86 லிட்டர் காற்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். பலகையைக் கவிழ்த்து, அடியில் ஆமைபோலத் தொங்கி, அலை மேலே போனதும் மறுபடி புரட்டி ஏற வேண்டும். நாலு தடவை செய்தால் தோள் கழன்றுவிடும். நுரை தாண்டி, இன்னும் உடையாத பச்சை அலைக்குப் போன பிறகு இன்னொரு குறை: திரும்பாது. கோவளத்தில் பாறை முனையிலிருந்து வலப்பக்கமாக அழகாக அவிழ்ந்து வரும் அலையில் குட்டிப் பலகைக்காரர்கள் ‘எஸ்’ போட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராகப் போவேன். அந்தத் துடுப்புகள் வளைந்து கொடுப்பதும் காரணம், எட்டு அடி நீளமும் காரணம், பெரிய காரணம் நான்.

தலையில் விழுந்தால்? விழுந்தது. மூன்று தரம். ஃபைபர் பலகையாக இருந்தால் தையல் போட்டிருப்பார்கள். இதில் புடைப்போடு போயிற்று. முதல் பலகையாக ஃபோம் வாங்குவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். அதைவிட முக்கியம், பலகை அடுத்தவர் தலையிலும் விழும். கடற்கரையில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இனி எந்த வெளிநாட்டு விமர்சனத்திலும் வராத பகுதி. எட்டு அடி என்றால் 244 செ.மீ. எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் நுழையாது. படிக்கட்டின் திருப்பத்தில் செங்குத்தாக நிறுத்தி, மூக்கைக் கைப்பிடிக்கு வெளியே நீட்டி, முதல் மாடி மாமியின் துளசி மாடத்தில் இடிக்காமல் சுற்ற வேண்டும். (மாமி முதல் நாள் கேட்டது: “இஸ்திரி போடற பலகையா, இவ்ளோ பெரிசா?”) காருக்கு மேல் மெத்தைப் பட்டைகள் இரண்டு, இறுக்கும் நாடா இரண்டு. நாடாவை ஒரே ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பட்டுத் தம்பூரா வாசிக்கும். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழி தூரம் குறைவுபோலத் தோன்றும். ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் பலகையோடு ஊர்வது கஷ்டம். வண்டலூர், கேளம்பாக்கம் வழியே போய்க் கடற்கரைச் சாலையைப் பிடிப்பது எனக்கு நிம்மதி. ஐந்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். காலையில் தரைக்காற்று கடலைப் பார்த்து வீசும்போது அலை வழித்தெடுத்த மாதிரி இருக்கும். பத்து, பதினொன்றுக்குமேல் கடற்காற்று திரும்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

திரும்பி வரும்போதுதான் பலகையின் உண்மையான எதிரியைச் சந்திக்கிறோம். அலையோ பாறையோ அதை ஒன்றும் செய்யவில்லை. மே மாதம் ஒரு ஞாயிறு, பின்சீட்டை மடக்கிப் பலகையை டேஷ்போர்டுவரை உள்ளே நீட்டி வைத்துவிட்டு, கேளம்பாக்கத்தில் இட்லி சாப்பிடப் போனேன். முக்கால் மணி நேரம். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று விரிகிறது, பசை இளகுகிறது, தோல் பிரிகிறது. வந்து பார்த்தால் நடுமுதுகில் பூரி மாதிரி ஒரு கொப்புளம். அன்று அந்த ஸ்டிக்கரின் ரகசியம் புரிந்தது. கடற்கரைக்குப் போய்க் காட்டினேன்; பையன் சின்ன ஓட்டை போட்டுக் காற்றை வெளியேற்றி, பசை செலுத்தி, மேலே மணல் மூட்டை வைத்து ஒரு நாள் அமுக்கினான். ஒட்டிக்கொண்டது, ஆனால் தட்டினால் அந்த இடம் மட்டும் வேறு சத்தம் போடுகிறது. மொட்டை மாடியில் வைப்பதும் இதே கதைதான். வெள்ளியாய் மினுங்கும் வெப்பத்தடுப்பு உறை கூடவே வாங்குங்கள். பலகை விலையில் பத்தில் ஒரு பங்கு ஆகும், தயங்காதீர்கள்.

இரண்டாவது எதிரி தண்ணீர், அதாவது உள்ளே போகும் தண்ணீர். துடுப்புத் திருகாணிகள் தளர்ந்தால் அந்தத் துளை வழியே தெர்மாகோல் மெல்ல மெல்லக் குடிக்கும். ஒரு மாதத்தில் பலகை கனத்துப்போய் மந்தமாகிவிடும். கட்டுமரக்காரர்கள் கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாக வெயிலில் காயவைத்தது இதே காரணத்துக்குத்தான்: நீர் ஊறிய மரம் மிதக்காது. ஃபோம் பலகையை அவிழ்க்க முடியாதே. வாரம் ஒருமுறை திருகாணியைக் கையால் முடுக்குங்கள், நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் நிறுத்துங்கள்.

சில்லறை விஷயங்கள். பெட்டியோடு வரும் கால்கயிற்றை நம்பாதீர்கள். பலகை நீளத்துக்குக் குறையாத நல்ல கயிறு ஒன்று தனியாக வாங்கிப் பின்னங்காலில் கட்டுங்கள். ஃபோம் தோல் வயிற்றை உரசி ரத்தம் காட்டிவிடும், ஆகவே உடம்பை ஒட்டிய முழுக்கை பனியன் அவசியம். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கும் நாட்களில் அது இரட்டை உபகாரம். மெழுகு வேண்டுமென்றால் வெப்பக் கடலுக்கானதை வாங்குங்கள். குளிர்நாட்டு மெழுகு நம் கடலில் பாயசம். காலம் என்று பார்த்தால் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை அலை சின்னது, கற்க வசதி. ஜூன் முதல் தெற்கிலிருந்து பெருத்த அலைகள் வரும். வடகிழக்குப் பருவமழையில் நான் போகமாட்டேன்.

இன்னொன்று, இது பலகையைப் பற்றியதே இல்லை. வலையோடு படகு கரையேறும்போது எந்த அலையானாலும் விட்டுவிட்டு ஒதுங்குங்கள். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்கு அது வேலைநாள்.

வாங்கலாமா? பத்து வகுப்புவரை வாடகைப் பலகையே போதும். பள்ளிகளில் இருப்பதும் இதே ஃபோம்தான். அதற்குப் பிறகும் அலாரத்துக்கு முன்னால் விழிப்பு வருகிறதென்றால் வாங்குங்கள். 65 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் 7 அடியோடு நிறுத்தினால் படிக்கட்டில் நிம்மதி. 90-ஐத் தாண்டியவர்கள் 9 அடிக்குப் போகத் தயங்க வேண்டாம், கார் சின்னதாக இருந்தாலும். நீச்சல் தெரியாதவர்கள் முதலில் அந்தக் காசை நீச்சல் குளத்தில் கட்டுங்கள்.

அந்த 6 அடி 2 அங்குலத்தை விற்கவில்லை. ஸ்டிக்கரை உரித்துவிட்டு, கொப்புளம் தெரியும்படி ஹாலில் சாய்த்து வைத்திருக்கிறேன். ஃபோம் பலகை கட்டிலுக்கு அடியில், ஃபேன் காற்று படும் பக்கமாக, காலை ஐந்து மணிக்காகப் படுத்திருக்கிறது.